மேலே ஒன்றும் இல்லாத படிக்கட்டு

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், மூட்டை தள்ளுகிற வண்டியில் உட்கார்ந்து பிளாட்பாரத்தைச் சுற்றி வந்த டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வண்டியைத் தள்ளியவர் என் வீட்டுக்காரர். முன்னால் ஓடி, "ஒத்து, ஒத்து, பேஷண்டு வருது" என்று கூட்டத்தை விலக்கியவர் அவருடைய அக்கா. எனக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இதயத்தில் ஒரு வால்வுதான் சுருங்கிப் போயிருந்தது.

சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் விட்டுப்போன மிச்சம் அது என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்னார். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீடு, புதுப்பட்டினத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம். போகிற வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று, செருப்பில் கல் ஏறியதுபோலக் குனிந்து பார்ப்பேன். உண்மையில் மூச்சு வாங்கும். "மெட்ராஸ்ல வால்வைத் திறந்து விட்டா சரியாயிடும். ஆனா ஆபரேஷனை உங்க உடம்பு தாங்குமான்னு முதல்ல ஒரு பரீட்சை வைப்பாங்க" என்று சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பரீட்சைக்கு நாலு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது.

அந்த நாலு மாதத்தை என் வீட்டுக்காரர் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கல்பாக்கத்துக் கட்டுமான வேலையில் மேஸ்திரி. காங்கிரீட் போட்டால் இருபத்தெட்டு நாள் ஈரம் காயாமல், மேலே பாரம் ஏற்றாமல் விட்டுவைக்க வேண்டும். க்யூரிங் என்பார்கள். அதற்குப் பிறகுதான் காங்கிரீட் கட்டியை மெஷினில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். அவருக்கு உலகத்தில் எல்லாமே காங்கிரீட்தான்.

"இன்னா டீச்சர், புரியுதா? நீ இப்போ பச்ச காங்கிரீட்டு. நாலு மாசம் அசையாம கெட. பலம் தன்னால ஏறும்."

"நான் இன்னா தூணா, மேஸ்திரி?"

"தூணா இருந்தா வாய் இருக்காதே!"

நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், டீச்சர், மேஸ்திரி என்று. கல்யாணமான புதிதில் கேலியாகத் தொடங்கியது, ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து கட்டில்தான் என் ஊர். பள்ளிக்கு லீவு. நாத்தனார் தலை வாரிவிட்டார், தட்டைக் கையில் கொடுத்தார், கை கழுவக்கூட என்னை இறங்க விடவில்லை. காலையில் இளநீர், மாலையில் ஆட்டுக்கால் சூப்பு. ஒருநாள் பூனை ஒரு மீனைக் கவ்விக்கொண்டு ஓட, நான் எழுந்து விரட்டினேன். அன்றைக்கு மேஸ்திரி சாப்பிடவே இல்லை. "ஒரு மீனு போனா போவுது. நீ எதுக்கு எயுந்த?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நான் பூசினாற்போல ஆகிவிட்டேன் என்று மெச்சினார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. தின்றுவிட்டுத் தூங்குவது யாருக்குத்தான் கசக்கும்?

சேர்த்துவைத்த பலத்தில் ஒரு துளிகூடச் சிந்தக்கூடாது என்று, பரீட்சை நாளில் பஸ்ஸுக்கு நாற்காலியில் தூக்கிப் போனார்கள். ரயிலடியில் மூட்டை வண்டி.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மாதான் பரீட்சை வைத்தார். முதலில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். உதட்டைக் குவிக்காமல், வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டே ஊதி அணைக்க வேண்டுமாம். மூன்று குச்சி எரிந்து தீர்ந்தது. அடுத்தது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். இரண்டாவது தடவையே தொடை வெடவெடத்தது. கடைசியாகப் படிக்கட்டு. "இருபத்திரண்டு படி. மெதுவா ஏறலாம், நிக்கலாம். உட்காரக்கூடாது, யாரையும் பிடிக்கக்கூடாது." ஒன்பதாவது படியில் நான் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி நாலு எட்டில் ஓடிவந்து தூக்கினார்.

"வீட்ல எப்படி இருந்தாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், "நாலு மாசமா ஒரு அடி நடக்கவுடல டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "வால்வு சுருங்கினது யார் தப்பும் இல்லை. ஆனா இந்தக் காலைக் கரைச்சது நீங்க. ஆபரேஷன் பண்றது எங்க வேலை. அதுக்கப்புறம் இருமறது, எழுந்து உட்கார்றது, நடக்கறது எல்லாம் இவங்க வேலை. அதுக்கு உடம்புல மிச்சம் வேணும். உப்பின கன்னத்தை வெச்சு நடக்க முடியாதுங்க." மூன்று மாதம் தவணை கொடுத்தார். தினமும் நடக்க வேண்டும், படி ஏற வேண்டும்; மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். அப்போதும் இப்படியே இருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசவே முடியாது என்றார். வால்வைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது மேஸ்திரி திரும்பிப்போய், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அந்த மாடிப்படியை அளந்தார். செங்கல்பட்டில் இறங்கியதும் மூட்டை வண்டிக்காரர் எங்களை அடையாளம் கண்டு ஓடிவந்தார். பாவம், மேஸ்திரி பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நான் நடந்தேன். நாலு தடவை நின்று நின்று நடந்தேன்.

எங்கள் தெருவில் மாடி வீடு என்று ஒன்றும் கிடையாது. பழைய டச்சுக் கோட்டையில் படிகள் உண்டு, ஆனால் முள் மண்டி, ஆடுதான் ஏறும். மறுநாளே மேஸ்திரி எங்கிருந்தோ உடைந்த செங்கல் கொண்டுவந்து வாசல் பக்கம் படி கட்ட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிப் படியின் அதே உயரம், அதே அகலம். செங்கல் போதாமல் பதினொன்றோடு நின்றது. "ரெண்டு தபா ஏறினா இருபத்திரண்டு" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்கிறவர். தலையில் கூடையோடு நின்று பார்த்தார். "இன்னா அண்ணாத்த, வூட்டுக்கு மாடியே இல்ல, படி கட்டிகினு கீற? மேல இன்னா கீது?"

"மேல ஒண்ணும் இல்ல" என்றார் மேஸ்திரி, தலை நிமிராமல்.

கட்டி முடித்ததும் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஏறக்கூடாது என்றார். "படிய க்யூரிங் பண்ணு, என்ன வுட்டுடு" என்று சொல்லிவிட்டு, அந்த அக்காவோடு நடக்கப் புறப்பட்டேன். எனக்கு அதைவிட நல்ல துணை கிடைத்திருக்காது. பத்து வீட்டுக்கு ஒரு முறை கூடையை இறக்கி, சங்கரா, மத்தி என்று கத்தி, பேரம் பேசி, ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் நகர்வார். எனக்கு மூச்சு சமமாகிவிடும். செருப்பில் கல்லைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

படி காய்ந்த பிறகு, முதல் நாள் நாலு ஏறினேன். மேஸ்திரி கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மாங்காய் விழும் என்று காத்திருப்பவர்போல நிற்பார். "கைய மடக்கு மேஸ்திரி, பேஜாரு பண்ணாத" என்று கத்துவேன். மடக்குவார், மறுபடி தானாக நீளும். ஒரு மாதத்தில் பதினொன்றும் ஏறினேன். மேலே ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது பொய். கூரைகளுக்கு மேலாகக் கடல் தெரிந்தது, கட்டுமரங்கள் தெரிந்தன. நாத்தனார் இறால் காய வைக்க அந்தப் படியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் தெருவே அதில் உட்கார்ந்து, வாயை ஆவென்று பிளந்து தீக்குச்சி அணைக்கும் போட்டி நடத்தியது. எல்லாரும் அணைத்தார்கள், மேஸ்திரியைத் தவிர. பீடி அப்படி.

ஒருநாள் அந்தப் படியில் வைத்துத்தான் கேட்டேன். "நாலு மாசத்த வீணாக்கிட்டியே மேஸ்திரி." எனக்கு உண்மையாகவே கோபம்.

அவர் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார். "தப்புதான். நீ கட்டில்ல கெடந்தா, வேலையில இருந்தாலும் எனக்குத் தெரியும், நீ எங்க கீறன்னு. நடந்து போனா எங்கியாவது வியுந்து கெடப்பியோன்னு நெஞ்சு அடிச்சிக்கும்" என்றார். கோபம் முழுதும் போயிற்று என்று சொல்ல மாட்டேன். பாதி போயிற்று.

இரண்டாம் பரீட்சையில் முதல் குச்சியே அணைந்தது. ஐந்து தடவையும் எழுந்தேன். படிக்கட்டில் எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி மேஸ்திரியும் வந்தார். அதே ஒன்பதாவது படியில் மூச்சு முட்டியது. நின்றேன். முதுகுக்குப் பின்னால் நீண்ட தன் கையை அவர் தானே பளாரென்று அடித்துக்கொண்டது காதில் விழுந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, மூச்சு வந்த பிறகு மேலே ஏறினேன். இருபத்திரண்டு. டாக்டரம்மா என் நாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு எனக்குப் பின்னால் யாரோ இரைப்பதைக் கேட்டு, மேஸ்திரியின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார். "இவர் எந்த வார்டு?" என்று கேட்டார்.

ஆபரேஷன் நடந்தது. கீறிய இடது விலா வலியில் உயிர் போயிற்று. தலையணையை அணைத்துக்கொண்டுதான் இருமினேன். நாலாம் நாள் டாக்டரம்மா வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "நீங்களே எழுந்து அந்தச் சுவர் வரைக்கும் போகணும். யாரும் தொடக்கூடாது" என்று, மேஸ்திரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

சுவரோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு. எழுந்தேன். தொடை நடுங்கியது, ஆனால் நின்றது. ஒரு அடி வைத்தேன். இன்னொன்று. நடுவில் ஒருமுறை தள்ளாடினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், அசையவில்லை. ஏழாவது அடியில் சுவரைத் தொட்டேன்.

"கைய எடு மேஸ்திரி, முடிஞ்சிச்சி" என்றேன்.

எடுத்து நீட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் பிரம்புப் பின்னல் அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது.