பத்து மணி மீன்கள்

அவளை எல்லாரும் நீர்க்கோழி என்றுதான் கூப்பிடுவார்கள். கடலோர ஓட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக விருந்தாளிகளுக்குப் பவளப்பாறை காட்டுகிற வேலை. முகக்கண்ணாடி மாட்டிவிட்டு, மூச்சுக்குழலைக் கடிக்கக் கற்றுக்கொடுத்து, தண்ணீரில் இறக்கி விரல் நீட்டுவாள். நீட்டின இடத்தில் மீன் இருக்கும். பத்து இருபது இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்டவை ஆயிரக்கணக்கில். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். ராசிக்காரி என்று பேர்.

ராசியாவது மண்ணாவது! ஓட்டலின் கழிவுக்குழாய் அங்கேதான் கடலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. முந்நூறு அறைக் கக்கூஸும், சமையலறைக் கழுநீரும், சலவைச் சோப்பும் ஒரே வழியாக வரும். காலைச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவுகிற பத்து மணிக்கு மீன்கள் ஆஜர்.

அதே ஓட்டலில் சமையல்காரனான அவள் புருஷனுக்கு இது வேடிக்கை. "நான் சமைச்சதை மனுஷன் பாதில வச்சுட்டுப் போறான். உன் மீனுங்கதான் மிச்சம் வைக்காம சாப்பிடுது" என்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. மான்கொம்பு மாதிரி கிளைத்திருந்த பவளமெல்லாம் இப்போது சளி பூசினாற்போல வழவழக்கிறது. கிளிமீன்கள் போன இடம் தெரியவில்லை. இருப்பதெல்லாம் எச்சிலுக்கு அலைகிற கூட்டம். மூன்று தரம் தேய்த்துக் குளித்தாலும் நாற்றம் போனதாகத் தோன்றாது; சோற்றில் கை வைக்கவே பிடிக்காது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீனே காணோம் என்று வந்தவர்கள் முணுமுணுக்க, படகைக் குழாய்ப் பக்கம் திருப்பினாள். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வாள்.

மூன்று வருஷம் காலில் விழாத குறையாகக் கேட்டு, தரையிலேயே தொட்டி கட்டிக் கழிவைச் சுத்தம் பண்ண முதலாளியைச் சம்மதிக்க வைத்தாள். கடைசி நேரத்தில் மேனேஜர் முட்டுக்கட்டை போட்டார்.

"குழாயை அடைச்சா மீன் போயிடும். மீன் போனா ஆளும் போயிடும். உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"சார், அவங்க பீயிலயே அவங்க நீந்துறாங்க சார்."

"யாராவது புகார் சொன்னாங்களா? ஒருத்தர் சொல்லட்டும், நாளைக்கே தொட்டி வேலையை ஆரம்பிச்சுடறேன்."

சொல்ல வைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டு மறுநாள் பதினோரு பேரோடு குழாய்க்கு மேலே படகை நிறுத்தினாள். ஒருவரையும் இறங்க விடவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். கீழ ஒரு குழாய் இருக்கு. காலைல நீங்க கக்கூஸ் போனதெல்லாம் அது வழியாத்தான் வருது. மீனுங்க அதைத் தின்னத்தான் கூடுது. தண்ணி வாய்க்குள்ள போச்சுன்னா உங்களுக்கும் பங்கு உண்டு."

ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வழுக்கைத் தலைக்காரர் முகம் அஷ்டகோணலாகப் போனது. நீர்க்கோழிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. ஒரே ஒரு புகார் போதும்.

வழுக்கைத் தலைக்காரர் மெல்ல எட்டிப் பார்த்தார். "ஆனா மீன் நிறைய இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப குழலை இறுக்கிக் கடிச்சுக்கிட்டா போதும்ல?"

தொபுக்கென்று குதித்தார். பின்னாலேயே ஒன்பது பேர். மூக்கைப் பொத்தின பெண்ணும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமராவை இவள் கையில் திணித்தாள். "அந்தக் குழாய் மட்டும் விழாம ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்."

நீர்க்கோழி கேமராவைக் கீழே வைத்தாள். படகின் விளிம்பில் குனிந்து காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். நிமிர்வதற்குள் மீன்கள் அதற்கும் கூடிவிட்டன.

"இங்க வாங்க," என்று படகை ஒட்டித் தண்ணீரிலிருந்து யாரோ மற்றவர்களைக் கூப்பிட்டார்கள், "இந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கு."