பின்னால் வந்த பெட்டி

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில், வாழையிலைப் பொட்டலத்தை மடியில் விரித்து வைத்து என் நாத்தனார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் இருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வெளியே மழை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், இறக்கைக்கு ஒரு காற்றாடி வைத்த சின்ன விமானம் நனைந்துகொண்டு நின்றது. அதில்தான் நாங்கள் சேலம் போக வேண்டும். அன்று முற்பகலில் முகூர்த்தம். நாற்பத்தொன்பது வயதில் என் நாத்தனாருக்கு அன்றைக்குக் கல்யாணம். பெயரைக் கேட்டதும் நான் பதறி எழுந்தேன். அவர் எழவில்லை. "கூப்பிட்டவங்க இங்கதான இருப்பாங்க. சாப்பிட்டுட்டு வாரேன்னு சொல்லு" என்றார். கடைசி விள்ளலையும் மிளகாய்ப்பொடியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, இலையை மடித்துத் தொட்டியில் போட்டு, கைகழுவி, முந்தானையில் துடைத்த பிறகுதான் நடந்தார்.

அவர் என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். கணவர் வீட்டார் தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் சாமான்களின் பெயரெல்லாம் மலையாளத்தில் இருக்கும். மதினி வெலிங்டன் தீவில், கப்பலேறும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தோப்பும்படிப் பாலத்தின் மேல் மழைக்கோட்டு படபடக்க அவர் ஸ்கூட்டர் போவதைப் பார்த்து வழிவிடாத லாரி கிடையாது என்று என் கணவர் சொல்வார். மாமனார் இறந்தபோது என் கணவருக்குப் பள்ளிக்கூட வயது. அவரைப் படிக்கவைத்ததும், கொச்சி பிராட்வேயில் பாத்திரக்கடை போட்டுக்கொடுத்ததும், என்னைப் பெண் பார்த்து முடிவு செய்ததும் மதினிதான். மாமியார் படுக்கையில் கிடந்த வருஷங்களில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது அவர்தான். இதையெல்லாம் தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எனக்குப் பிடிச்ச வேலையைத்தான் பாத்தேன். வந்த மாப்பிள்ளைங்க பிடிக்கலை, வேண்டாம்னேன். இதுல என்ன தியாகம் இருக்கு?" என்பார்.

பிடித்த மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தார். சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரம் செய்பவர். அவருடைய மூட்டைகள் கொச்சித் துறைமுகம் வழியாகத்தான் வெளிநாடு போகும். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். கன்டெய்னர் எப்போது ஏறும், கப்பல் எப்போது கிளம்பும் என்று பேசிப் பேசி, ஒருநாள் "அங்கே மழையா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த முறை மதினி அவரிடம் "அங்க வெயிலா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் ஏதோ கையெழுத்துக்காக அவரே அலுவலகத்துக்கு வந்து, வந்த வேலை முடிந்த பின்னும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். சமையலறையில் மத்தி கழுவிக்கொண்டே மதினி என்னிடம் இதைச் சொன்னார். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்லுதே?" மீன் செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் என் அபிப்பிராயத்தை முதலில் கேட்ட பெரிய விஷயம் அதுதான். நல்லது மதினி, பண்ணிக்கோங்க என்று உடனே சொன்னேன்.

என் கணவர் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. ஊர் என்ன சொல்லும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று என்னிடம்தான் புலம்பினார். அவருக்கு ஊரைப் பற்றிய பயம் அவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா இல்லாத வீட்டில் அவர் ஒருநாள்கூட இருந்ததில்லை. கடைசியில், காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு, "நான் வரலை. வண்டியும் வராது" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதினி கதவைத் தட்டவில்லை. ஓணம் முடிந்து திரும்புகிற கூட்டம். ரயிலில் இடமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தேடினார். சேலத்துக்குக் காலையில் ஒரு விமானம் இருந்தது. நாங்கள் கேள்விப்பட்டிராத புது நிறுவனம், முகப்பவுடருக்கு வைத்த மாதிரி ஒரு பெயர். அதை அவர் சத்தமாக வாசித்தது உள்ளறைக்கும் கேட்டிருக்கிறது. "அந்தக் கம்பெனி பேரை யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நம்ம பேரை அவங்களும் கேள்விப்பட்டதில்ல. ஆனாலும் டிக்கெட் குடுத்துட்டாங்க" என்றார் மதினி. இரண்டு டிக்கெட். இரண்டாவது எனக்கு. என்னிடம் கேட்கவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் விட்டுவிட்டு விடியற்காலையில் டாக்ஸி ஏறினோம்.

விமானம் ஏறும் வாசலில் நின்று எங்களைக் கூப்பிட்ட பெண்ணுக்கு எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்னப் பெண், மலையாளி. சேலத்தில் மேகம் தாழ்ந்து கிடக்கிறதாம். இறங்க முடியாவிட்டால் திரும்பி வருவதற்குக் கூடுதலாக எரிபொருள் வேண்டும், அதற்கு ஈடாகப் பாரத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு பேரை இறக்கினால் சரியாகிவிடும் என்றாள். கடைசியாக டிக்கெட் எடுத்தவர்கள் நாங்கள். "சேச்சி, நாளத்தெ ஃப்ளைட்டில் போகாம்" என்றாள். நாளைய விமானத்தில் போகலாமாம்.

"மோளே, எனிக்கு இன்னாணு கல்யாணம்" என்றார் மதினி.

அந்தப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பி வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தாள். மதினி அவள் கையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். "அவளுக்கில்ல. எனிக்கு." அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். மதினி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மேலதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. விதிமுறை, பாதுகாப்பு என்று ஏதேதோ சொன்னார். மதினி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சார், கப்பல்ல பாரம் கூடினா ஆளையா இறக்குவாங்க? சரக்கைத்தான இறக்குவாங்க. என் பெட்டியை இறக்குங்க, இவ பெட்டியை இறக்குங்க. பத்தலைன்னா மத்தவங்ககிட்ட நான் கேக்கேன். பைலட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். மதினியின் பெட்டியில்தான் கூறைப்புடவை இருந்தது. காதோடு அதைச் சொன்னேன். "புடவை பின்னால வரும். நான் முன்னால போறேன்" என்றார்.

அதிகாரி போய்விட்டுத் திரும்பி வந்து, பயணிகள் மனமுவந்து சம்மதித்தால் சரி என்றார். மதினி வரிசை நாற்காலிகளுக்கு முன்னால் போய் நின்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் பேசுகிற அதே குரலில், முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் விஷயத்தைச் சொன்னார். தனக்கு இன்றைக்குக் கல்யாணம் என்பதையும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எழுந்தது இரண்டு கன்னியாஸ்திரிகள். தங்கள் பெட்டிகள் நாளைக்கு வந்தால் போதும் என்றார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் பெட்டிகளோடு வந்திருந்த ஒரு வியாபாரி கையைத் தூக்கினார். "என் பெட்டியில சர்டிபிகேட் இருக்கு, இன்டர்வியூ" என்று ஓர் இளைஞன் தயங்கினான். "அப்ப உங்க பெட்டி வரட்டும் தம்பி, அது முக்கியம்" என்றார் மதினி. கோட்டு போட்ட ஒருவர் மட்டும், "நீங்க லேட்டா டிக்கெட் எடுத்ததுக்கு நாங்க ஏங்க கஷ்டப்படணும்?" என்று எரிச்சலாகக் கேட்டார். "நியாயந்தான். குடுக்கலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மதினி அடுத்தவரிடம் போய்விட்டார். சற்றுக் கழித்து அந்தக் கோட்டுக்காரர் தானாகவே அதிகாரியிடம் போய்த் தன் பெட்டியின் சீட்டைக் கொடுத்ததைப் பார்த்தேன்.

மழையில் ஓடி விமானத்தில் ஏறினோம். போனை அணைக்கச் சொல்வதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பெட்டிச் சீட்டைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினேன்: "மதினியோட கல்யாணப் பெட்டி ஏர்போர்ட்டிலேயே நிக்குது. நாங்க ஏறிட்டோம்." எடுத்து வாருங்கள் என்று எழுதவில்லை. எழுதினால் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன்.

காற்றாடிகள் சுற்றத் தொடங்கியதும் இருக்கையெல்லாம் அதிர்ந்தது. அப்போது மதினியின் கை வந்து என் கையைப் பிடித்தது. சில்லென்றிருந்தது. அத்தனை பேர் முன்னால் நின்று பேசியவர் கைதானா என்றிருந்தது எனக்கு.

"பயமா இருக்கா மதினி? ப்ளேன் பழகினா சரியாயிரும்" என்றேன்.

"ப்ளேன் இல்ல" என்றார். மேகத்துக்குள் நுழைந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போன பிறகு, "அவன் காலையில ஏதாவது சாப்பிட்டிருப்பானா?" என்று கேட்டார். இட்லி அவித்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன். அதற்கப்புறமும் அவர் கையை எடுக்கவில்லை. மலைகளைத் தாண்டியதும் மேகம் கலைந்து, கீழே சிவப்பு மண்ணும் தென்னந்தோப்புகளும் தெரிந்தன. சேலத்தில் பிரச்சினை இல்லாமல் இறங்கினோம்.

ஒரு சின்ன முருகன் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையின் மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நீட்டினாள். மதினி அவள் கன்னத்தைத் தடவி, "சாரமில்ல மோளே, இது போதும்" என்றார். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று நான் அவளுக்குச் சொன்னேன். மதினி கட்டியிருந்தது கொச்சிப் பக்கத்துச் சேந்தமங்கலம் கைத்தறி. அலுவலகத்துக்குக் கட்டிக் கட்டிக் கரை வெளுத்த புடவை. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, "நான் உங்க ஆபீசுக்கு வந்தன்னிக்கும் இதுதான் கட்டியிருந்தீங்க" என்றார். தாலி கட்டும்போது பெண் வீட்டார் பக்கத்தில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். அட்சதை தூவ என் இரண்டு கை போதவில்லை என்று தோன்றியது. அன்று எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு சமயத்தில்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. எங்கள் கார். என் கணவர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது. விமான நிலையத்தில் நான் அனுப்பிய சீட்டுப் படத்தைக் காட்டிப் பெட்டியை வாங்கிய கையோடு எங்கும் நிறுத்தாமல் ஓட்டி வந்திருக்கிறார். மதினி வெளியே போனார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல. பெட்டியைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"குடுத்துட்டேல்ல. இப்ப சாப்பிட வா."

அவர் அசையவில்லை. மதினியும் அசையவில்லை. இரண்டு பேரும் ஒரே பிடிவாதக்காரர்கள். விட்டிருந்தால் இருட்டும்வரை நின்றிருப்பார்கள். அப்போது மாப்பிள்ளை வெறுங்காலோடு தெருவில் இறங்கி வந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "குதிரான்ல நெரிசலுங்களா?" என்று கேட்டார். திருச்சூரைத் தாண்டியதும் வருகிற மலைப்பாதை அது. லாரிகள் மறித்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். "அதை ஏன் கேக்கறீங்க" என்று என் கணவர் ஆரம்பித்தார். வாளையாறு சோதனைச்சாவடியைப் பற்றிச் சொல்லும்போது வீட்டுப்படி ஏறிவிட்டார். கோயம்புத்தூரைப் பற்றிச் சொல்லும்போது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மதினி சோறு போட்டார். தலையைக் குனிந்து சாப்பிட்டவர், ரசத்துக்கு வரும்போது, "உப்பு கம்மியா இருக்கு" என்றார். "இது உங்க அக்கா வச்ச ரசம் இல்லீங்க, நாளையிலிருந்து சரியாயிரும்" என்றார் மாப்பிள்ளை. என் கணவர் சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்களாகிவிட்டன. அந்தப் பெயரில் இப்போது விமானம் எதுவும் பறப்பதாகத் தெரியவில்லை. நானும் அதற்குப் பிறகு பெரிய, பேர்போன விமானங்களில் பலமுறை போய்வந்துவிட்டேன்; பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகவும் போகிறேன். எந்த வாசலில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் இப்போது நான் பதறுவதில்லை. மட்டாஞ்சேரி வீட்டில் மதினியின் அறையில் என் மகள் படிக்கிறாள். மதினி சேலத்தில் கணவரின் ஏற்றுமதிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டரில் அங்கேயும் லாரிகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் என் கணவர் சேலத்துக்குப் போன் போடுவார். மதினி எடுத்து நலம் விசாரித்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "சரிக்கா, அத்தான் எங்க? அவர்ட்ட குடு" என்பார். பிறகு இரண்டு ஆண்களும் மழையையும் வெயிலையும் சாலை நெரிசலையும் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். அது முடிந்ததும் மதினி எனக்குத் தனியாகக் கூப்பிடுவார். "இந்தப் பயல் எனக்குத் தம்பியா, அவருக்குத் தம்பியா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.