திறப்பு விழா ஆகாத கணினி

எங்கள் கிளை நூலகத்துக்குக் கணினி வந்த அன்று அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தேன். நூல் இருப்புப் பதிவேட்டை எடுத்து, முதல் நாள் வந்த சமையல் குறிப்புப் புத்தகத்துக்கு அடுத்த வரியில் அதையும் ஏற்றினேன். ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பக்கங்கள் என்ற கட்டத்தில் இன்னொரு கோடு. வீட்டுக்குக் கொடுக்க முடியாதே என்று 'ரெஃபரன்ஸ்' என்றும் எழுதி வைத்தேன்.

அடுத்து முத்திரை. புத்தகம் திருடு போனால் அடையாளம் காட்ட, முதல் பக்கம், கடைசிப் பக்கம், எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கம் என்று மூன்று இடத்தில் குத்துவது வழக்கம். கணினிக்கு ரகசியப் பக்கம் எது? மானிட்டரைச் சாய்த்து அடியில் ஒன்று வைத்தேன். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி குனிந்து அதைப் பார்த்து, "வெரி குட்" என்றார்.

சிரிக்காதீர்கள். ஒரு புத்தகம் குறைந்தாலும் நூலகர் தலையில் விடியும் உத்தியோகம் அது.

நான் சொல்வது பாபநாசம் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். தெருவுக்கு நாலு பேர் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். கும்பகோணத்தில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்துவிட்டன. எங்களுக்கும் இணைய இணைப்பு, பிரிண்டர், யு.பி.எஸ். எல்லாம் வந்து இறங்கின. வராதது ஒன்றுதான். திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதரின் தேதி.

"வி.ஐ.பி. தேதி குடுக்குற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. உங்க பொறுப்பு" என்றார் மேலதிகாரி.

நானும் பொறுப்பாகக் கணினிக்குப் போர்வை போர்த்தி, அறையைப் பூட்டி, கதவில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டினேன். "யாருமே போக முடியாத ரூமுக்கு எதுக்கு சார் இது?" என்று கேட்டார் உதவியாளர் செல்வராணி. நான் காதில் வாங்கவில்லை. வாரம் ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தூசி தட்டிவிட்டு வருவேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

அந்த வருடம் மேட்டூர் அணையை நேரத்துக்குத் திறக்கவில்லை. குறுவை போச்சு. காவிரித் தண்ணீர் கேட்டு ஒருநாள் டெல்டா முழுவதும் கடையடைப்பு. பஸ் இல்லை, டீக்கடை இல்லை. அரசு அலுவலகம் என்பதால் நாங்கள் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினோம்.

மூன்று மணிக்கு ஆரோக்கியமேரி வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் உறுப்பினர்.

"சார், குவைத் ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. மெயில்ல ஒரு ஃபாரம் வந்திருக்காம். அதை நிரப்பி இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். ஏஜென்சிலேருந்து இப்பத்தான் போன் பண்ணாங்க. கும்பகோணம் வரைக்கும் ஒரு கடை இல்ல."

"அந்த ரூம் இன்னும் திறப்பு விழா ஆகலம்மா."

"நான் ரிப்பன் வெட்டவா சார் வந்தேன்? ஒரு மெயில் அனுப்பணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பாவுக்கு இந்த வருஷம் அறுப்பே இல்ல சார். வீட்டுல எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"மனு எழுதி வாங்கித் தபால்ல அனுப்புங்க. பரிசீலிக்கலாம்" என்றார்.

இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நான் உண்மையாகவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

செல்வராணி இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் தொப்பென்று போட்டார்.

"இதுல கம்ப்யூட்டரை என்னன்னு சார் ஏத்தியிருக்கீங்க?"

"புத்தகம்னு."

"ரெஃபரன்ஸ் புத்தகம். உறுப்பினர் ஒருத்தர் இங்கேயே உக்காந்து படிக்கக் கேக்குறாங்க. இல்லைன்னு சொல்ல நமக்கு எந்த ரூல் இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். வாசகர் சீட்டில் நூலின் பெயர் 'கணினி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அறையைத் திறந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் அதை உயிர்ப்பிக்கத் தெரியாது. அவளே செய்தாள். டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகியதும் அது கீச்சென்று கத்தியது. இரண்டு தடவை இணைப்பு அறுந்தது. மூன்றாம் தடவை செல்வராணி வயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது "மெயில் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து ஆரோக்கியமேரி அழுதாள்.

வயரை மறுபடி போனில் மாட்டியதும் மணி அடித்தது. மேலதிகாரி.

"ஒரு மணி நேரமா எங்கேஜ்டு. யாருகிட்டய்யா பேசிக்கிட்டிருந்தீங்க?"

உள்ளதைச் சொன்னேன். அடுத்த வாரம் மெமோ வந்தது. 'ரெஃபரன்ஸ் நூல், நூலக வளாகத்துக்குள் வாசிப்புக்கு வழங்கப்பட்டது' என்று பதிவு எண்ணோடு விளக்கம் எழுதினேன். அந்தப் பொருள் நூலா இல்லையா என்று அலுவலகம் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திறப்பு விழா. ஆரோக்கியமேரி அதற்குள் குவைத் போய்விட்டாள். அவள் அப்பாவை மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, மேலதிகாரி முழங்கினார்: "திறப்பு விழாவுக்கு முன்னாடியே ஒரு விவசாயி மகளுக்கு வெளிநாட்டு வேலை வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர் இது! அன்னிக்கு நாங்க எடுத்த துணிச்சலான முடிவு!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் மெமோ அப்போதும் நிலுவையில்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கடைத்தெரு டெய்லர் காதர் பாய் போர்வை இல்லாத கணினியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆறு மாசம் முன்னாடி எம் மருமகனுக்கு மெயில்ல விசா காப்பி வந்திருக்கு, எடுத்துக் குடுங்கன்னு உங்ககிட்டதான் சார் கேக்க வந்தேன். திறக்கலைன்னீங்க."

எனக்கு நினைவே இல்லை. "அப்புறம் என்ன ஆச்சு பாய்?"

"மறுநாள் வேற ஊருல போய் எடுத்தோம். நாள் தாண்டிப் போச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்." என் மேல் கோபம் இல்லாமல்தான் சொன்னார். "விடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க, மேலேருந்து ஆர்டர்."

மேலேயிருந்து ஆர்டர் இருந்தது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமேரி வந்த அன்றும் அதே ஆர்டர்தான் இருந்தது. சாவியும் எட்டு மாதமாக என் சட்டைப் பையில்தான் இருந்தது. இதை நான் காதர் பாயிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வரும் நூலகர்களுக்காவது சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.