வலி தெரியாத கால்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வார்டில் எல்லோருக்கும் அது தெரியும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்தான் பெரும்பாலும் காரணம். செருப்புக்குள் ஆணி ஏறினாலும் அவர்களுக்குத் தெரியாது. நாற்றம் கிளம்பிய பிறகுதான் வந்து சேர்வார்கள்.

தருமபுரத்துத் தையல்காரரும் அப்படித்தான் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கால் பெருவிரல் கறுத்து அழுகியிருந்தது. டாக்டர் விரலை எடுத்தார். மிச்சப் பாதத்தைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் காலையில் கட்டைப் பிரித்து, செத்த சதையைக் கத்தரித்து, கழுவி, மருந்தில் நனைத்த துணியைத் திணித்துக் கட்டுவேன். கத்தரி படும்போது மற்றவர்கள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். இவரோ மனைவியிடம் யாருடைய ரவிக்கை தைக்காமல் கிடக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார். மிஷின் மிதிக்கக் கால் வேண்டும், அது ஒன்றுதான் அவர் கவலை.

"கால மட்டும் குடுத்துடுங்க சிஸ்டர், மத்தத நான் பாத்துக்கறேன்" என்பார்.

ஆடி முடிவதற்குள் புண் மூடிப் புதுத் தோல் பிடித்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வெறுங்காலோடு வாசற்படியைக்கூடத் தாண்டக் கூடாது என்று திட்டித்தான் அனுப்பினேன். "சரிங்க சிஸ்டர்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

செப்டம்பரில் ரிக்‌ஷாவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். சுற்றியிருந்த வேட்டித் துணியைப் பிரித்தேன். உள்ளங்கால் தோல் முழுதும் உரிந்து தொங்கியது. குதிகாலில் சீழ். கணுக்காலுக்கு மேல்வரை கறுப்பு.

"என்னண்ணே பண்ணித் தொலச்சீங்க?"

மனைவிதான் சொன்னார். கால் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று, விரலை எடுத்த அன்றே நேர்ந்துகொண்டாராம். நடப்பதென்றால் எங்கள் பக்கத்தில் செருப்பில்லாமல்தான். கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி, தார் இளகும் வெயிலில், நாகூர், நாகப்பட்டினம் தாண்டி நடந்திருக்கிறார்.

"நான் அவ்ளோ சொல்லி அனுப்புனேனே, காது இருக்கா இல்லையா உங்களுக்கு?"

அவர் முகத்தில் வருத்தமே இல்லை. காய்ச்சலில் கண் பளபளத்தது. "கூட வந்தவங்கல்லாம் கொப்புளம்னு அங்கங்க உக்காந்துட்டாங்க சிஸ்டர். எனக்கு ஒரு முள்ளு குத்துன மாதிரிகூடத் தெரியல. மாதா என்னத் தூக்கிட்டே போயிட்டாங்க."

முழங்காலுக்கு மேலே எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்றார் டாக்டர். தையல்காரர் முடியாது என்றுவிட்டார். மாதா தூக்கிப் போன காலை மாதாவே பார்த்துக்கொள்வார்களாம். டாக்டர் கத்திப் பார்த்தார். பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். சர்க்கரை அளவுக்காகச் சிறுநீரை மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறம், சர்க்கரை உச்சத்தில். கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னா கேப்பாருங்க. நீங்களும் வேதக்காரவங்கதானே."

நானும் ஜெபமாலை உருட்டுகிறவள்தான். அந்தக் கொடிக்கு நானும் நடந்து போனவள்தான். அதனாலேயே மாதாவை மறுத்துப் பேச வாய் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஓர் ஊசியை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, அவருடைய நல்ல காலின் அடியில் அழுத்தினேன்.

"தெரியுதாண்ணே?"

இல்லை என்று தலையாட்டினார்.

"இந்தக் காலயும் மாதாதான் தூக்கி வச்சிருக்காங்களா? நரம்பு செத்துப்போச்சுண்ணே. சக்கரை பண்ற வேலை. நான் சதைய வெட்டுறப்பகூட நீங்க ரவிக்கை கதை பேசிக்கிட்டிருந்தீங்க. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே வலி போயிடுச்சு."

குனிந்து தன் இடது பாதத்தைத் தானே நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "எடுத்துடச் சொல்லுங்க" என்றார்.

எடுத்தார்கள். பிழைத்தார். வீட்டுக்குப் போகும் நாளில் மனைவி ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்திருந்தார். மாதா உயிரைத் திருப்பிக் கொடுத்தார்களே, கோயிலில் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"நீ போய் ஏத்து. நான் நேரா வீட்டுக்குப் போறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"அந்த ரோட்டுல நடந்தப்ப நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுங்களா சிஸ்டர்."