வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

ரஞ்சி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸுக்குள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய மூத்த சகோதரி சிவமணி அக்கா. "தம்பி, ரஞ்சி எழும்பேல்லை. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனாங்கள். முடிஞ்சுதாம்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நெஞ்சு நோகிறது என்று முதல் நாளே சொன்னவர் அவர். டாக்டரிடம் போங்கள் என்று நான் கத்தியதற்கு, "அது வாய்வு தம்பி. ஒரு படம் பாதியில நிக்குது, முடிச்சுப்போட்டுப் போறன்" என்று போனை வைத்தார். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் இப்போது அது திரும்பியிருப்பது வேறு ஆட்கள்மேல்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வார இதழில் நான் பக்கம் வடிவமைப்பவன். அவர் பல ஆண்டுகளாக 'வீட்டுக் கொட்டகை' என்ற பத்தியை எழுதியவர். வீட்டிலிருந்து பார்க்க இந்த வாரம் ஒரு சிரிப்புப் படம், ஒரு அடிதடிப் படம். அவ்வளவுதான் பத்தி. விருதுப் படங்கள், விளங்காத படங்கள் பக்கமே அவர் போகமாட்டார். "களைச்சு விழுந்து வீட்டுக்கு வாற சனம் தம்பி. அதுகளை ஏன் திரும்ப அழப்பண்ணுவான்?" என்பார்.

ஆனால் யாராவது நேரில் படம் கேட்டால் உடனே சொல்லமாட்டார். "அது இருக்கட்டும், வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்றுதான் தொடங்குவார். கொட்டாஞ்சேனையில் என் அப்பா ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சமயம், அவருக்கு ஒரு நல்ல நகைச்சுவைப் படம் சொல்லுங்கள் என்று கேட்டேன். "தையல் பிரிச்சாச்சோ?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "உனக்கு விசரோ? சிரிச்சால் அந்த மனுசன்ர வயிறு என்ன ஆகிறது? ஒரு அடிதடிப் படம் சொல்லுறன், அதைப் போடு." அந்தப் படத்தைப் போட்டேன். அப்பா தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "அவன விடாதடா, இன்னும் ரெண்டு போடு!" என்று கதாநாயகனுக்கு உத்தரவு கொடுத்தபடி முழுப் படத்தையும் பார்த்தார். தையல் பிரித்த அன்று மாலை ரஞ்சி அக்காவிடமிருந்து ஒரு சிரிப்புப் படத்தின் பெயர் வந்தது. நான் கேட்கவேயில்லை.

அவருடைய அடிதடிப் படங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. "அடி விழலாம், வெடி விழக்கூடாது." இதன் காரணம் வெள்ளவத்தையில் அவர்களுடைய வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். யுத்தக் காலத்தில் ஊரில் இருந்தபோது சிவமணி அக்காவின் வீட்டு முற்றத்திலேயே ஷெல் குண்டு விழுந்தது. கொழும்புக்கு வந்து இத்தனை காலமாகியும், தீபாவளிக்கு யாராவது வெடி கொளுத்தினால் அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். அக்காவும் தங்கையும் மட்டும் இருந்த வீடு. டீவி போட்டால் எங்கே வெடிச் சத்தம் வருமோ என்று அக்கா எழுந்து போய்விடுவார் என்பதால், ரஞ்சி அக்கா ஒவ்வொரு படத்தையும் ஹெட்போன் மாட்டி முதலில் தனியாகப் பார்ப்பார். பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் பத்தி.

வெடி இல்லாத அடிதடிப் படத்துக்கு அவர் எங்கே போவார்? ஆகவே பத்தியின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். 'கல்யாண வீட்டுக் காட்சி முடிந்ததும் சத்தத்தைக் குறைக்கவும், ஒரு வாகனம் வெடிக்கும்.' இளம் வாசகர்கள் கொதித்துப் போவார்கள். படத்தைச் சொல்லிக் கெடுக்கிறார் என்று திட்டுவார்கள். அவர் அசையமாட்டார். "ஒரு கார் வெடிக்கப்போகுதெண்டு சொன்னவுடன கெட்டுப்போற கதையெண்டால், அது கெட்டே போகட்டும்" என்பார். என்றாவது இடமில்லை என்று அந்த வரியை நான் வெட்டப் பார்த்தால், படத்தைப் பற்றிய புகழ்ச்சியை வெட்டச் சொல்வார், அந்த வரியைத் தொடவிடமாட்டார்.

இனி நம்முடைய இலக்கியப் பெருமகன் ஒருவரிடம் வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் பார்க்கலாம். முதலில் அவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தது சண்டை பிடிக்கத்தான். தமிழ் வளர்க்கிற பத்திரிகையில் இந்தக் கூத்து எதற்கு என்று நெருப்பாய்ப் பொரிந்து தள்ளினார். ரஞ்சி அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயா, வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்றார். "நானும் மனிசியும்தான். பிள்ளையள் கனடாவில" என்றது அந்தக் குரல். அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தப் போன் வந்தது, படம் கேட்டு. அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. அவர் வீட்டில் சிரிப்பு கேட்டது ரஞ்சி அக்காவால்.

அவரேதான் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் தலைமை வகித்தார். "அமரர் ஒரு தீவிர எழுத்தாளர். வயிற்றுப்பாட்டுக்காகவே மூன்றாந்தரச் சினிமாவைப் பற்றி எழுத நேர்ந்தது" என்று மைக்கில் முழங்கினார். பச்சைப் பொய். ரஞ்சி அக்கா இளவயதில் எழுதிய ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அவரே, "அது சின்னப் பிள்ளை வேலை" என்று கையை வீசுவார். அந்தத் தொகுப்பைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். கொடுத்த நினைவு மலரை முன்னும் பின்னும் புரட்டினேன். 'வீட்டுக் கொட்டகை' என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த கட்டுரையும் இல்லை. "தரத்துக்கு ஒத்து வரேல்லை தம்பி" என்றார் மலர்க் குழுவில் ஒருவர். என்ன தரம்? யாருடைய தரம்?

அத்தோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருப்பேன். அமரருக்குப் பொருத்தமான படம் என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, விருது பெற்ற போர்ப் படமொன்றைத் திரையில் ஓடவிட்டார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சேலையோடு சிவமணி அக்கா இருந்தார். மண்டபத்தின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கூவிக்கொண்டு வந்து விழுந்தது ஷெல். சிவமணி அக்கா கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ரஞ்சி, ரஞ்சி" என்று கூப்பிட்டார்.

நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். "என்ன தம்பி இது? படம் ஓடிக்கொண்டிருக்கு!" என்று தலைவர் எழும்பினார். "மண்டபத்துல யார் யார் இருக்காங்கன்னு படம் போட முந்திப் பார்த்தீங்களா? ரஞ்சி அக்கா உங்ககிட்ட வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேட்டாங்களே, ஐயா. ஒரு நாளாவது நீங்க கேட்டீங்களா?" என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மரியாதை கெட்டவன் என்று இப்போது என்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். பேசட்டும். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் எனக்கில்லை.

சிவமணி அக்காவை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். முகம் கழுவிவிட்டு வந்தவர் டீவிக்கு முன்னால் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்துக் கதிரையில் அந்த ஹெட்போன் கிடந்தது. "அவள் சொல்லுறமாதிரி ஒரு படம் போடு தம்பி" என்றார்.

நினைவு மலரையும் மாலை போட்ட படத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ரஞ்சி அக்காவின் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கே அதைக் கேட்டும் பார்த்தேன். ரிமோட்டைக் கையில் எடுத்தவுடன் அது தானாக வாயில் வந்துவிட்டது. "வீட்டில யார் யார் இருக்காங்க அக்கா?"

அவர் அந்தக் கதிரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான் மட்டுந்தான்" என்றார்.

அந்தப் பதிலுக்கு எந்தப் படம் என்று ரஞ்சி அக்காவுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.