திங்கட்கிழமை இளைப்பு

சௌந்திரத்துக்குச் சந்தேகம் பிறவிக் குணம். ஊற்றிய பாலைப் பால்காரர் முன்னாலேயே மோந்து பார்ப்பாள். கண்டக்டர் கிழித்த டிக்கெட்டை இரண்டு முறை திருப்பிப் பார்ப்பாள். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கும் மணியனைக் கட்டிப் பத்தொன்பது வருஷம் ஆகியும், அவன் சொன்ன எதையும் முதல் தடவையிலேயே நம்பியதில்லை. அவனும் எதையும் இரண்டு தடவை சொல்லப் பழகிக்கொண்டான்.

விவகாரம் மாசியில் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல இருக்கிறது என்றான். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. வெள்ளிக்கிழமை ஆள் பழையபடி. அடுத்த திங்கள் மறுபடியும் அதே கதை.

நோய் என்ன கிழமை பார்த்தா வரும்? ஞாயிறு மில்லுக்கு லீவு. அன்றைக்கு எங்கேயோ ஊற்றிக்கொள்கிறான், அதுதான் மறுநாள் நெஞ்சில் நிற்கிறது என்று சௌந்திரம் முடிவு கட்டினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் வாயை ஊதுங்க பாக்கலாம்."

"ஊதறதுக்கு மூச்சு வேணுமில்ல, புள்ள" என்றான் மணியன்.

நாற்றம் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று. ஒரு ஞாயிறு, அவன் வழக்கமாக ஆற்றில் குளிக்கப் போகும் ஜேடர்பாளையத்துக்கே கூடப் போனாள். அவன் மீன் வறுவல் தின்றான், ஆற்றில் குளித்தான், திரும்பினான். திங்களன்று இளைப்பு வந்தது. தான் சேலை மாற்றப் போன கால்மணி நேரத்தில் குடித்து முடித்திருப்பான் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவன் இளைத்த நாளெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, நேரத்தை எழுதி, அரிசிப் பானைக்கு அடியில் சேர்த்தாள்.

கார்த்திகையில் அவனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். தட்டு நிறையக் கற்பூரம் எரிந்தது. பக்கத்தில் வந்த மணியன் புகை பட்டு இருமினான், மறுபடி இருமினான், கண்ணில் தண்ணீர் வர வெளியே ஓடிவிட்டான். சத்தியத்துக்கு அஞ்சி ஓடுகிற ஆளைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மறுநாளே மில்லுக்குப் போய், 'என் கணவர் ஞாயிறுதோறும் குடிக்கிறார், கண்டிக்க வேண்டும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் குமரகுருவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பொங்கலுக்கு மில் ஒரு வாரம் மூடியிருந்தது. அந்த ஏழு நாளும் மணியன் மாமியார் வீட்டில் அவள் கண்ணெதிரேதான் இருந்தான். கரும்பு கடித்தான், திருச்செங்கோட்டு மலைப்படி முழுக்க ஏறினான், ஒரு இளைப்பு இல்லை. புதன்கிழமை மில் திறந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. சௌந்திரத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் காலண்டர் தாள்களையும் எடுத்துப் போனாள். குடியை டாக்டரிடம் நிரூபிக்க வேறு வழி தெரியவில்லை. டாக்டர் ரஞ்சனி அவனை ஒரு குழாயில் ஊதவிட்டு முள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தார். பிறகு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அத்தனையும் லீவு முடிஞ்ச மறுநாள். மில்லுல எந்த டிபார்ட்மெண்ட்?"

"ப்ளோ ரூமுங்க. பஞ்சு பேலைப் பிரிச்சு அடிக்கிற எடம்" என்றான் மணியன்.

டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். "மூச்சுக்குழல் நெஞ்சுக்குள்ள ரெண்டாப் பிரியும். ரெண்டு நாலாகும், பிரிஞ்சு பிரிஞ்சு மெலிசாகிக்கிட்டே போகும். நுனியில சின்னச் சின்னக் காத்துப் பைங்க. அங்கதான் காத்து ரத்தத்துல சேருது. வழியில பொடி முடி மாதிரி இருக்கறது தூசியைக் கூட்டி மேல தள்ளும். இவரு இழுக்கற பஞ்சுத் தூசியை அதால தள்ளி முடியல. தூசி பட்டாக் குழாயைச் சுத்தியிருக்கற சதை இறுகிக்கும். தினமும் பட்டா ஒடம்பு கொஞ்சம் பழகும். லீவுல அந்தப் பழக்கம் விட்டுப்போயிடும். அதான் முதல் நாள் இப்படி."

இவர்கள் இரண்டு பேரும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுதான் சௌந்திரத்துக்கு முதலில் தோன்றியது. ஆனால் தாளில் இருந்தது அவள் கையெழுத்து. அதை எப்படிச் சந்தேகப்படுவது?

"பேக்கிங் மாதிரி தூசியில்லாத எடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதித் தர்றேன். இப்படியே விட்டா, அப்புறம் எல்லா நாளும் திங்கக்கிழமைதான்" என்றார் டாக்டர்.

கடிதத்தோடு அவளே மில்லுக்குப் போனாள். குமரகுரு அதைப் படித்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

"ஆமாங்க. அது தப்புங்க."

"குடியால வந்த நோவுக்கு மில்லு என்னங்க பண்ணும்?"

"அவரு குடிச்சு நான் பாத்ததே இல்லீங்க. நானா நெனச்சுக்கிட்டு எழுதிட்டனுங்க."

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? பேக்கிங் வேலை சுளுவா இருக்கும்னு புருசன் சொல்லி அனுப்பிச்சாருங்களா?"

அவர் கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைப் பார்த்தார். எதைச் சொன்னாலும் அந்தக் கண் மாறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு மாதம் இப்படி ஒரு கண்ணுக்கு முன்னால்தான் மணியன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, நெஞ்சு வலிக்க வலிக்க வெட்கமாக இருந்தது.

"சரி, திங்கக்கிழமை ப்ளோ ரூமுக்கே வரட்டும். பொறவு பாத்துக்கலாம்" என்று குமரகுரு கடிதத்தை மடித்தார்.

"வரமாட்டாருங்க" என்றாள் சௌந்திரம். "அன்னைக்குக் கொடுத்தது பொய்யின்னு இப்பவே எழுதித் தாரனுங்க. வேணும்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. ஒரு பேப்பர் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.