ரீட்டாவின் கை மட்டும் எப்படி இளகியது?

போன மாசியில் தங்கச்சிமடம் போய் வந்தேன். வீட்டில் கடல் பார்க்கப் போவதாகச் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், வயிற்றெரிச்சலில்தான் போனேன்.

ரீட்டா மதுரையில் என்னோடு விடுதியில் இருந்தவள். இப்போது தங்கச்சிமடத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் சுகர். போன வருடம் இருவருக்குமே வலது தோள் உறைந்துபோனது. உடம்பு முழுக்கத் தசைகளையும் மூட்டுகளையும் ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அது வழுவழுவென்று நகர்ந்தால்தான் நாம் நகர முடியும். தோள்மூட்டைச் சுற்றி அது தடித்து இறுகினால் கை காதைத் தாண்டாது; சுகர்காரர்களை இது விரும்பித் தேடி வருமாம். தினமும் வாட்ஸப்பில் சேர்ந்து புலம்பினோம். அந்தத் துணை எனக்குப் பெரிதாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். வலது கையை நேராக மேலே தூக்கிச் சிரிக்கிறாள்! "சூப்பர்டி" என்று பதில் போட்டுவிட்டு போனைக் கட்டிலில் எறிந்தேன். என் மருத்துவரோ, கை இளகாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தோளைத் திருப்பி இளக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு ராமேஸ்வரம் பஸ். நடத்துநர், "பையத் தூக்கி மேல போடுங்கக்கா" என்றார். முன்சீட்டில் இருந்த பெரியவர் ஒற்றைக் கையால் தூக்கி வைத்தார். அவர்மீதும் பொறாமைப்பட்டேன். ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் பாலம் தாண்டி பத்தே காலுக்கு இறங்கினேன்.

ரீட்டா வீட்டில் சோறு இறங்குவதற்கு முன்பே, கை எப்படிச் சரியானது என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் பண்ணலடி. அதுவாத்தான் வந்துச்சு, அதுவாவே போயிருச்சு."

நான் நம்பவில்லை. மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரண்டு வரிசையாக நின்று கரைக்கு இழுப்பது. இடுப்பில் பட்டையைக் கட்டி, அதைக் கயிற்றில் கோத்து, பின்னால் சாய்ந்தபடியே நடக்கிறார்கள். கைக்கு அதிக வேலை இல்லை. ஆள் குறைந்தால் ரீட்டாவும் போய் நிற்பாளாம்; அன்றும் நின்றாள். அவள் சாய்ந்து நடந்த அழகைப் பார்த்ததும், இதுதான் மருந்து, இதைத்தான் மறைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி நானும் வரிசையில் புகுந்தேன். பட்டை இல்லாமல், கையால்.

வலைக்காரர் கத்தினார். "ஏத்தா, கையால இழுக்காதீக! இங்கன யாரும் கையால இழுக்க மாட்டாக. பட்டையக் கட்டிட்டு வாங்க!"

அதற்குள் அலை வலையைப் பின்னுக்கு இழுக்க, கயிறு என்னைச் சுண்டி இழுத்தது. மணலில் விழுந்தேன். பக்கத்தில் இருந்த ரீட்டாவின் இடது கையைப் பிடித்து எழப் பார்த்தேன்.

அவள் அலறினாள்.

அந்த அலறல் எனக்குத் தெரியும். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது நான் போடுகிற அதே அலறல்.

"இடதும் போச்சா? எப்ப இருந்துடி?"

"தையிலருந்து. ஒரு தோள் சரியானா சிலருக்கு இன்னொண்ணுல வருமாம்."

"ஏன்டி சொல்லல?"

பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "நீ சந்தோசப்படுவியோன்னு பயமா இருந்துச்சு."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பஸ்ஸில் ஜன்னலோரம் பிடியுங்கள். வெயில் ஏறுமுன் கடற்கரைக்குப் போய்விடுங்கள். கரைவலையில் ஆசைக்கு நின்று பார்க்க விரும்பினால் வலைக்காரரிடம் கேட்டு, பட்டை கட்டிக்கொண்டு நில்லுங்கள். தோளில் பிரச்சினை உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் கயிற்றைத் தொடவே வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆனாலும் இந்த இறுக்கம் மெல்ல விடும் என்கிறார்கள். என் கை இன்னும் விடவில்லை.

ரீட்டாவுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இதை அவள் படிப்பாள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்: பயந்தது சரிதான்டி. நீ அலறியதும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.